ஒரே ஒரு ‘போடி’

“போங்க” என்றார் புனலூர் செல்லப்பன்.

டைரக்டர் ‘கட்’ சொன்னார். வசனம் ‘போங்க’ இல்லை, ‘போடி’.

இலங்கைக் கந்தப்பளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் அந்த மலையாளப் படத்தின் ஷூட்டிங். செல்லப்பனுக்குக் கண்டாக்கையா வேஷம். கண்டாக்கையா என்றால் மலையில் எங்களை மேய்த்து வேலை வாங்கும் உத்தியோகத்தர். எல்லாக் கண்டாக்கையாவும் மோசமில்லை. ஆனால் படத்தில் வருபவர் வாயைத் திறந்தால் வசவுதான்.

காட்சி சின்னதுதான். ஒரு கிழவி கொழுந்துக் கூடையைத் தராசில் வைப்பாள். கண்டாக்கையா கையை விட்டுக் கிளறிப் பார்த்து, முற்றல் இலை என்று கூடையை எட்டி உதைத்து, “போடி” என்பார். கிழவி அழுதுகொண்டே போவாள்.

கிழவியாக நின்றது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி பெரியம்மா. வரிசையில் நின்ற எங்கள் முகங்களையெல்லாம் பார்த்துவிட்டு டைரக்டரே அவளைக் கைகாட்டினார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். விடியும்போதே பவுடர் பூசிக்கொண்டு வந்தவள் நான்.

இருந்தாலும் நியாயமாக அது அவளுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். செல்லப்பன் என்றால் பெரியம்மாவுக்கு உயிர்.

ஞாயிற்றுக்கிழமையானால் என் ஃபோன் எனக்கில்லை. அவருடைய நாடகமும் படமுமாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் இருவருக்கும் மலையாளம் அரைகுறைதான். ஆனால் அவர் நடந்து வருவதை வைத்தே ராஜாவா திருடனா என்று சொல்லிவிடலாம்.

நாடகக் குழுவில் திரை இழுக்கத்தான் முதலில் சேர்ந்தாராம். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக ஈட்டி பிடித்து நின்றாராம். கேரளத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடி, தொண்டை கட்டினால் மிளகைக் கடித்துக்கொண்டு மறுநாளும் ஆடி, தலை நரைத்த பிறகுதான் சினிமா கூப்பிட்டதாம். பெரியம்மா இதைச் சொல்லும்போது ஏதோ தானே ஈட்டி பிடித்து நின்றதுபோல் இருக்கும்.

அவர் விருது வாங்கிய வீடியோ எனக்கு மனப்பாடம். இந்த வயதில் இப்படியொரு சினிமாப் பைத்தியமா என்று லயமே கேலி செய்யும். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள், காலையில் அவர் வேனை விட்டு இறங்கியபோது கிட்டவே போகவில்லை. நாங்கள் எல்லாம் செல்ஃபி எடுக்க விழுந்தடித்து ஓடினோம். அவள் தலைத்துண்டை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு கடைசியில் நின்றாள். வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

மறுபடியும் கேமரா ஓடியது. மறுபடியும் “போங்க”.

டைரக்டர் வந்து விளக்கினார். இதில் விளக்க என்ன இருக்கிறது? மலையாளத்திலும் போடி, போடிதான்.

அடுத்த டேக்கில் செல்லப்பன் வாயையே திறக்கவில்லை. கூடையையும் உதைக்கவில்லை. பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேமராவுக்குப் பின்னால் குசுகுசுப்பு ஆரம்பித்தது. எங்களை ஷூட்டிங்குக்குக் கூட்டிவந்த அப்ராஸ், டவுனில் கடை வைத்திருப்பவர். கட்டாரில் மலையாளிகளோடு வேலை பார்த்ததில் அவருக்கு அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. அவர்தான் எங்களுக்கு மெல்லச் சொன்னார். செல்லப்பன் போன மாதமும் ஓரிடத்தில் வசனம் மறந்தாராம். ஆள் முடிந்துவிட்டார் என்கிறார்களாம். நுவரெலியா ஹோட்டலில் இன்னொரு நடிகர் சும்மாதான் இருக்கிறாராம். இந்தத் தடவையும் சரிவராவிட்டால் வேஷம் அவருக்காம்.

இந்த மனிதரையா முடிந்துவிட்டார் என்கிறார்கள்?

அப்ராஸ் சொன்னது பெரியம்மா காதிலும் விழுந்தது. கூடையைத் தூக்கித் திரும்பவும் தராசில் வைத்தாள். தலைத்துண்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“டேய் செல்லசாமி, எல்லாரும் பாக்குறாங்கடா. அக்கான்னு பாக்காத. கண்டாக்கு நம்ம அப்பாவ எப்படித் திட்டுவான்னு நீ பாத்ததில்லையாடா? வாய் நெறைய சொல்லுடா, போடின்னு!”



பெரியம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு, ஒப்பந்தப்படி எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறியவன், கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் லயத்தில் யாருக்குத்தான் கப்பலேறிய சொந்தம் இல்லை? அந்தத் தம்பி செல்லசாமிதான் இந்தச் செல்லப்பன் என்று அவள் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்கவா போகிறோம்? கேலிதான் இன்னும் கூடியிருக்கும். இத்தனை வருஷம் கழித்து அந்த முகத்தை அவர் எப்படி அடையாளம் கண்டாரோ, அது அவர்களுக்குள்.

செல்லப்பன் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். மேக்கப்காரர் ஓடி வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துத் தலையாட்டினார்.

கூடை பறந்துபோய்ச் சுவரில் மோதியது. கொழுந்து நாலாபக்கமும் சிதறியது.

“போடி!”

கூரைத் தகரம் அதிர்ந்தது. வரிசையில் நின்ற இராமையா தாத்தா பழைய பழக்கத்தில் தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு. எங்கள் தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் நடிப்பு.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். மானிட்டரைப் பார்த்தார். தட்டிய கை அப்படியே நின்றது.

அந்த டேக்கும் வீண்.

இந்தத் தடவை செல்லப்பன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அழுதுகொண்டே போக வேண்டிய கிழவி போகவே இல்லை. வாயெல்லாம் பல்லாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.