வியாழக்கிழமை அழுகை

“அந்த அக்காவை எங்க குழுவிலிருந்து எடுத்துடுங்க சார்.”

இலவசமாக நடத்துகிற இடம், யாரையும் குறை சொல்லிவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் மறுவாழ்வு மைய மேலாளரின் அறையில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்ததும் மகள் கேட்டது அதைத்தான்.

“எந்த அக்கா?”

“வியாழக்கிழமை குழுக் கூட்டத்துல எப்பவும் அழுதுட்டே இருக்காங்களே, அவங்க.”

மேலாளர் சிரித்தார். “மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க மனசுவிட்டுப் பேசத்தானே குழு? அழட்டும். பட்டதாரிப் பொண்ணு நீ, கொஞ்சம் அனுசரிச்சுப் போ.”

“சக்கர நாற்காலித் தம்பி, தனியா பஸ் ஏறினேன்னு சந்தோஷமா சொன்னான். அதுக்கும் ஒப்பாரி. இன்னொருத்தன் இருக்கிற ஒரு கையால தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அதைப் பார்த்து இன்னும் அழுகை. மாடிப்படி ஏற முடியாதுன்னு எனக்கு எவனும் வேலை தரலை. அதைச் சொல்லிக் கத்தணும்னுதான் ரெண்டு மாசமா வர்றேன். நான் வாயைத் திறந்தாலே அவங்க விசும்ப ஆரம்பிச்சுடறாங்க. முதுகைத் தடவிக் கொடுக்கவே எங்களுக்கு நேரம் சரியாப் போகுது.”

“பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன குறையோ?”

“ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு கவுன்சிலிங் கொடுக்க நீங்க போட்ட ஆளே அவங்கதான் சார்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த வயசுல உங்களுக்கெல்லாம் எவ்வளவு பொறுமைம்மா...”

அவள் ஊன்றுகோலை எடுத்தாள்.

“இனிமே குழுவை நாங்களே நடத்திக்கறோம். அந்தக்கா வரட்டும், நீங்களும் வாங்க. ஆனா நாங்க பேசி முடிச்ச பிறகுதான் நீங்க அழணும்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.