ஈரப் பெஞ்சு

ஹெஸ்டர் தயங்கவே இல்லை. தன்னிடமிருந்த ஒரே நல்ல பாவாடையோடு நேராகப் போய், முதல் பெஞ்சில் சப்பென்று உட்கார்ந்தாள்.

வரிசையாகக் கிடந்த பெஞ்சுகளுக்கு மேலே மரத்தில் ஒரு புதுப் பலகை தொங்கியது. "பெயின்ட் ஈரம், உட்காராதே" என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் பண்ணை முதலாளி பிரூவிட்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அடிமைகளை முற்றத்தில் கூட்டி வைத்து, எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தை மட்டும் தேடிப்பிடித்து வாசிப்பது அவர் வழக்கம். பைபிளில் வேறு பக்கங்களே இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். அன்று அவர் வாசிக்க வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

போன வாரம் புகையிலைக் கொட்டகையில் ஒரு கிழிந்த பைபிள் தாள் கிடைத்திருந்தது. வர்ஜீனியாவில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று சட்டம். திருடனாவது கோழியைத் தூக்கிக்கொண்டு போவான், படித்த அடிமை தன்னையே தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று முதலாளிமார்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

படித்தது யாரென்று தெரிந்தால் தெற்கே ஜார்ஜியாவுக்கு விற்றுவிடுவதாக பிரூவிட் சொல்லியிருந்தார். அடிமைத் தரகனுக்கு ஆள் அனுப்பியாயிற்று. அதுவரை குடிசைகளைச் சுற்றித் துப்பாக்கிக் காவல் போட்டிருந்தார்.

அந்தத் தாள் ஹெஸ்டருடையது. துணி வெளுப்பது அவள் வேலை. பெரிய வீட்டுத் துணிகளின் மூலையில் தைத்திருக்கும் பெயர் எழுத்துகளைத் துவைத்துத் துவைத்தே அவளுக்கு எழுத்து பிடிபட்டுவிட்டது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் புருஷன் மிங்கோவோடு வடக்கே தப்பிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். விற்றுவிட்டால் இந்த ஜென்மத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. போகும்போது உடுத்திக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்த பாவாடைதான் இப்போது பச்சைப் பெயின்ட்டில் ஊறிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது அவளுக்கு. ஆனால் முகத்தைக் கழுவி வைத்த தட்டு மாதிரி வைத்துக்கொண்டாள்.

மாடியில் முதலாளியம்மா லவினியா, தலையை வலிக்கிறது என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டாள். முதலாளி ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை எடுத்து இரண்டு பக்கமும் ஏற்றினார். காலையிலிருந்து அது எத்தனையாவது சிட்டிகையோ. யார் தயங்குகிறார்கள் என்று பார்ப்பதிலேயே அவர் குறியாக இருந்தார்.

அடுத்து மிங்கோ வந்தான். பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"எசமான், அதுல என்னங்க படம்? ஆட்டுக்குட்டியா?"

"ஆமாடா, ஆட்டுக்குட்டிதான். உக்காரு."

"வாலு எந்தப் பக்கம்னு புரியலைங்க," என்றபடி பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொல்லன் கட்ஜோ உட்கார்ந்தான். சமையல்காரி சூக்கி உட்கார்ந்தாள். வயல்வேலைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவராவது நின்று யோசிக்க வேண்டுமே, பெஞ்சைத் தொட்டாவது பார்க்க வேண்டுமே. இடம் போதாமல் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஜெபம் முடிந்து எழுந்தபோது அத்தனை பேர் பின்பக்கமும் பச்சை. அடுத்தவர் முதுகைப் பார்த்து ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். இது என்ன சோதனை ஆண்டவரே என்று சூக்கி மாரில் அடித்துக்கொண்டாள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. தன் பண்ணையில் எழுத்து தெரிந்த அடிமை கிடையாது, அந்தத் தாளைக் காற்று கொண்டுவந்து போட்டிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். தரகனை வர வேண்டாமென்று சொல்லியனுப்பினார். காவல்காரர்களைப் பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடிமைகளுக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் சாராயமும் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை எந்தக் குடிசையிலும் புகை எழும்பவில்லை. சமையற்கட்டில் அடுப்பு ஜில்லென்று கிடந்தது. முதலாளி மணியடித்து மணியடித்துக் கை ஓய்ந்தார்.

மத்தியானம் ரோந்துக்காரன் வந்து, நடந்ததைச் சொல்லித் தலையைச் சொறிந்தான்.

"ரோட்டுல மறிச்சோமுங்க. பண்ணையை விட்டு வெளிய போக ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு காட்டினாங்க. உங்க கையெழுத்து போட்டிருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு விட்டுட்டோம்."

பிரூவிட் நாற்காலியில் சாய்ந்தார். தான் யாருக்கும் சீட்டு எழுதித் தரவில்லையே, பிறகு யார் எழுதியது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். லவினியா, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகத் தானே போட்ட காப்பியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"என் கண்ணால பார்த்தேன் லவினியா. ஒருத்தருக்கும் ஒரு எழுத்து தெரியாது. ஈரப் பெயின்ட்டுன்னு எழுதி மாட்டியும், பேசாம வந்து உக்காந்தாங்க."

"ஒருத்தர்கூடவாங்க தயங்கல?"

"ஒருத்தர்கூட."

லவினியா காப்பியைக் கீழே வைத்தாள்.

"படிக்கத் தெரியாதவங்களா இருந்தா, பெயின்ட் நாத்தத்துக்கே தயங்கியிருப்பாங்களே."