சாப்பிடாத பிள்ளை

கொடுத்த பிஸ்கட்டை அவள் கடிக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசனை அறை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா. நடுவில் அவளுக்கு ஒரு நாற்காலி. கால் தரைக்கு எட்டவில்லை.

"பயப்படாம சொல்லு கண்ணு. யாரு உனக்குச் சோறு போடறதில்ல?" என்றார் ஆலோசகர்.

அப்படி யாருமே இல்லை. போட்டுப் போட்டுத்தான் பிள்ளையைத் திணறடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போகும் நாள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யூற்றி, வயிறு முட்டக் கொடுத்துத்தான் அம்மா அனுப்புவாள். கதவைத் திறந்ததும், சாப்பிட்டாயா என்று அப்பா கேட்பார். முதல் தடவை உண்மையைச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போனது. கோழி வறுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம்.

அடுத்த வாரம், இல்லை என்றாள்.

அம்மாவைத் திட்டிக்கொண்டே அப்பா ஊட்டிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் அம்மாவிடமும் அதே பொய். அங்கே ஒன்றும் தரவில்லை என்றாள். அம்மாவும் அப்பாவைத் திட்டிக்கொண்டே சுடச்சுடத் தோசை வார்த்துப் போட்டாள். போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, குளியலறைக்குள் போய் வாந்தியெடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எடுத்ததால் சத்தம் கேட்கவில்லை.

இந்தப் பொய்யெல்லாம் வக்கீல்களின் வாய்க்குப் போகும் என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? தாய் பட்டினி போடுகிறாள் என்றார் ஒருவர். தகப்பன்தான் என்றார் இன்னொருவர். பிள்ளை எங்கள் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும், அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

யார் பேரைச் சொன்னாலும் அவரை இனிப் பார்க்க முடியாது. அது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் போடுவாங்க. நான்தான் சாப்பிட மாட்டேன்."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

அம்மா திரும்பினாள். இவளிடம் அல்ல, அப்பாவிடம்.

"எல்லாம் உங்களாலதான். புள்ள சோத்தையே வெறுத்துப்போச்சு."

"என்னாலயா? நீ வளர்த்த லட்சணம் அப்படி."

ஆலோசகர் மேசையைத் தட்டினார். யார் கேட்கிறார்கள்?

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

அப்பா வீட்டை விட்டுப் போனதிலிருந்து இருவரும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. எதுவானாலும் இவள் வழியாகத்தான் போகும், இல்லாவிட்டால் வக்கீல் வழியாக. இப்போது முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அம்மா அப்பாவின் பக்கமாக நாற்காலியைக்கூடத் திருப்பியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. குரல் தணிந்தது. அம்மா நாற்காலியைப் பழையபடி திருப்பப் போனாள்.

"நான் ராத்திரி தூங்கவும் மாட்டேன்" என்றாள் அவள்.