ஒரு சிட்டிகைப் பொய்

சாதிக் பாட்சா ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளை எடுத்து, கல்லாப் பக்கம் இருந்த கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார். அடியில் ஏதாவது தங்குகிறதா என்று குனிந்து பார்த்தார்.

“ஒண்ணும் தங்காது பாய். நல்லாப் பாத்துக்கங்க. வாங்குற எல்லாரும் இப்படிப் பாத்துட்டுத்தான் வாங்குவாங்க” என்றார் கடைக்காரர் லெட்சுமணன்.

அந்தத் தம்ளர் ஆயர் ஈத்தாம் ஊர் முழுக்கப் பிரசித்தம். சாமான் வாங்க வந்த ராஜம்மா, “தம்ளரு எதுக்கு? இவங்க கடைத் தூளைக் கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தோடு போனாள்.

சாதிக் பாட்சாவுக்கு முதுகில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“லெட்சுமணா, நான் தூள் வாங்க வரல. நாளன்னிக்கு சிங்கப்பூர்ல கப்பல் ஏறுறேன். ஹஜ்ஜுக்கு.”

“நல்ல சேதி பாய்.”

“யாருக்கெல்லாம் கெடுதல் செஞ்சோமோ, அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எங்க ஆளுங்க கப்பல் ஏறுவாங்க. அவங்க பொறுத்தாத்தான் ஆண்டவன் பொறுப்பான்.”

தன் ஊர் பாலோவில் வீடு வீடாகப் போய்க் கேட்டாயிற்று. எல்லாரும் சிரித்துக்கொண்டே பொறுத்துவிட்டார்கள். மிச்சம் இந்த ஒருத்தர்தான். இவரிடம் வரத்தான் ஏழு வருஷமாகக் கால் எழவில்லை.

“பாலோவுல நம்ம கடை ரெண்டும் எதிரெதிரா இருந்துச்சே. உன் கடையில கூட்டம், என் கடையில ஈ. வயித்தெரிச்சல் தாங்கல. நீ மிளகாய்த் தூள்ல செங்கல்பொடி கலக்குறேன்னு தோட்டத்து லயத்துல கதை கட்டிவிட்டது நாந்தான். கண்ணால பாத்தவன் மாதிரி சொன்னேன். அம்புட்டும் பொய்யி.”

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். சாதிக் பாட்சாவுக்கு லெட்சுமணனின் வாடிக்கை மொத்தமும் கிடைத்தது. லெட்சுமணனோ யார் சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை. இருந்த தூளையெல்லாம் ஆற்றில் கொட்டிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார். பாவம், மானஸ்தன் என்று ஊரார் பேசியதைக் கேட்டுக்கொண்டேதான் சாதிக் பாட்சா அத்தனை வருஷமும் வியாபாரம் செய்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தார்.

“பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு லெட்சுமணா.”

“என்னால சொல்ல முடியாது பாய்.”

சாதிக் பாட்சா எட்டி லெட்சுமணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “திட்டு, வாங்கிக்கிறேன். நாலு பேரக் கூட்டி வச்சுக் கேளு, அவங்க முன்னாடியும் சொல்றேன். நீ பொறுக்கலேன்னா நான் போற ஹஜ்ஜு ஹஜ்ஜே இல்லப்பா.”

அழுதே விட்டார் மனுஷர்.

லெட்சுமணன் வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

“நீங்க சொன்னது பொய்யில்ல, பாய்.”