புட்டியில் கிடந்த கல்

பித்தக் குழாய்க் கல்லை எடுக்க எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது டாக்டர் கிடையாது. வாய் வழியாக உள்ளே போகும் மெஷினே கல்லைத் தேடிப் பிடித்துக் குடலில் தள்ளிவிடும். அது மலத்தோடு போய்விடும். ஆனால் நம் ஜனங்களுக்குக் கல்லைக் கண்ணால் பார்த்தால்தான் வைத்தியம். அதற்காக ஸ்கேனைப் பார்த்து அதே அளவில் கல் வார்த்துப் புட்டியில் போட்டுக் கொடுக்கிறேன். எம்.எஸ்ஸி. படித்தது இதற்குத்தான். நோயாளி உள்ளே போனதுமே கொடுத்துவிட வேண்டும். காத்திருக்க வைத்தால் வெளியே கத்துவார்கள்.

இன்று காலை சென்னிமலையின் மனைவி பூவாத்தாளிடம் புட்டியைக் கொடுத்தேன். சொந்தபந்தம் முழுவதும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

"எத்தாப் பெரிய கல்லுங்க!" என்று அவள் பூரித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து சென்னிமலையே நடந்து வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். "மிசினு ரிப்பேராம் புள்ள. வாய்க்குள்ளயே உடல. நாளைக்கு வரோணுமாம். வலி உசுரு போகுது."

நான் புட்டிக்குக் கை நீட்டினேன். "அம்மா, அது நான் வார்த்த கல்லுங்க. நெசக் கல்லு அவரு வயித்துக்குள்ளயேதான் இருக்குது."

பூவாத்தாள் புட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள். "கல்லு எங்கையில இருக்குது. இன்னும் என்னங்க மாமா வலி? மயக்க மருந்துல ஒளறாம ஊட்டுக்கு நடங்க."

காரின் பின்சீட்டில் நாலு பேருக்கு நடுவே அவரை நெருக்கி உட்கார வைத்தார்கள். முன்சீட்டில் புட்டிக்கு பெல்ட் போட்டிருந்தார்கள்.