கை தவறிய காபி

"கடையில தலைமுடி கனம்கூட இல்லாத ஸ்க்ரூவை இடுக்கியில எடுத்துப் பூட்டுற கை. வீட்டுல ஒரு காபி கப்பைப் பிடிக்கத் தெரியலையா?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நடு ரோட்டில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்குள் வந்தால் மட்டும் எப்படி இறங்கும்?

கடிகாரம் பழுது பார்க்கிற அவள் கணவன் குளியலறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கை தவறிடுச்சு."

"முந்தாநாளும் தவறுச்சு. போன வாரமும் தவறுச்சு. இருக்கிறதே ரெண்டு போர்வை. ஒண்ணு கொடியில இன்னும் காயாம இருக்கு, அதுக்குள்ள இது."

சாதாரணப் போர்வையா அது? குளிர் தாங்காத தன் அம்மாவுக்காக அவளே தேடி வாங்கிய தடித்த பஞ்சுப் போர்வை. மெஷினுக்குள் திணித்தால் சுற்றாமல் முனகும். டப்பில் போட்டு மிதித்துத்தான் துவைக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டால் ஓர் ஆளைத் தூக்குகிற கனம்.

அப்பா போன பிறகு கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, அம்மா இப்போது இவர்களோடுதான் இருந்தாள். தினமும் காலையில் மாமியாருக்கு ஒரு கப், தனக்கு ஒரு கப் என்று எடுத்துக்கொண்டு போய், கட்டில் ஓரம் உட்கார்ந்து கதை பேசுவது அவன் வழக்கம். நல்ல மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெயர். துவைக்கிறவளைக் கேட்டால் அல்லவா தெரியும்.

கறை மேல் சமையல் சோடாவைத் தூவி, பாத்திரம் தேய்க்கிற சோப்பை விட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தாள். காபி போய்விட்டது. அதைச் சுற்றித் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வளையம். அதுதான் அசையவே இல்லை.

"என்ன காபித்தூள் வாங்குறீங்க? இப்படிச் சாயம் விடுது?"

"வேற கடையில வாங்கறேன்."

"உதவி பண்றேன்னு நீங்க முன்னாடியே ஊத்தி வைக்கிற வினிகர் வேற மூக்கைத் துளைக்குது. தள்ளுங்க அந்தப் பக்கம்."

போர்வையை இழுத்துப்போய்த் தெருப்பக்கத்து பால்கனிக் கம்பியில் விரித்தாள்.

"உள்பக்கமாப் போடுடி. தெருவுல நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள் அம்மா, அறைக்குள் இருந்தபடி.

"நல்லாப் பார்க்கட்டும். சின்னப்பிள்ளையில நான் படுக்கையை நனைச்சா நீ என்ன பண்ணே? வாசல்லதானே காயப்போட்டே, போறவங்க வர்றவங்க சிரிக்கட்டும்னு? அப்பத்தானே எனக்குப் புத்தி வந்துச்சு. உன் மாப்பிள்ளைக்கும் வரட்டும்."

விருந்தாளி வந்தால் அவள் சொல்லிச் சிரிக்கிற கதை அது. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை. இன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் பெரியவன் வீட்டுக்கே போயிடறேன்டி."

அவ்வளவுதான், இவளுக்குத் தலைக்கேறிவிட்டது. அண்ணன் வீட்டில் அம்மாவுக்குக் கிடைத்த இடம் ஹால் சோபா. அங்கே அழுத கண்ணோடு இருந்தவளை இவள்தான் அழைத்துவந்து ஓர் அறையைக் கொடுத்திருந்தாள்.

"கேட்டுச்சா? உங்க லட்சணத்துல எங்கம்மா வீட்டை விட்டே கிளம்புறா. நாளையிலருந்து கப்பும் கையுமா அந்த ரூம்ல காலை வைக்கக் கூடாது. கிச்சன்லயே நின்னு குடிங்க. அம்மாவுக்கு நான் கொண்டு போறேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம். நானே கொண்டு போறேன். இனிமே ஜாக்கிரதையா..."

"பேசாதீங்க."

மறுநாள் அவளுக்கு முன்னாலேயே எழுந்து காபியோடு தயாராக நின்றான். அம்மாவின் கப்பை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"உங்களுது உங்க கையில இருக்கட்டும். இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

அறைக்குள் போனாள். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். போர்வையை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மாப்பிள்ளை வரலையா?"

"வரமாட்டார். நீ நிம்மதியாக் குடி."

"வச்சிட்டுப் போ. அப்புறம் எந்திரிக்கிறேன்."

கப்பை ஜன்னல் திட்டில் வைத்தாள். "போர்வையைக் குடு. இன்னிக்காவது காஞ்ச போர்வையை மடிச்சு வைக்கிறேன்."

இழுத்தாள். அம்மா விடவில்லை. பலமாக இழுத்ததும் கையில் ஈரம் பட்டது.

குனிந்து பார்த்தாள். தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். மஞ்சள். நடுவில் காபி இல்லை. காபி ஜன்னல் திட்டில் ஆவி பறக்க அப்படியே இருந்தது.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமையோரம் தண்ணீர் வழிந்தது.

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அந்த மனுஷன்? அடுத்த நொடியே கோபம் தன் மேலேயே திரும்பியது. நேற்று தெருப்பக்கம் விரித்த போர்வை நினைவுக்கு வந்தது.

வேன் ஓட்டுகிற அதே குரலில் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, இன்னிக்கும் அம்மா போர்வையில கொட்டிட்டீங்களா? உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? உங்க மானம் போகக் கூடாதேன்னு இனிமே உள்பக்கம்தான் காயப்போடணும்."

சமையலறையில் விளிம்பு வரை நிறைந்த கப்போடு நின்றிருந்தவன், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பதில் சொன்னான்.

"மன்னிச்சுக்கோ. கை தவறிடுச்சு."