முதுகில் ஒரு வீணை

அந்தமானின் ரங்கத்தில், மழையே இல்லாத மார்ச் மாதத்தில் மழை பெய்து இன்றோடு ஏழு நாள். சிசிலியாவின் வாசலில் அந்த மழையைப் பிடித்து வைத்த ட்ரம் வெயிலில் மினுங்குகிறது. கொசு ஆய்வுக்கு வந்த மங்கையர்க்கரசி அதன் பக்கத்தில் குந்தி, அதில் தண்ணீர் மொண்ட கண்ணாடிக் குப்பியைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மூணு நாளைக்கு ஒருக்கா குழாய்ல பானி வர்ற ஊரு. கொட்டச் சொல்லாதீங்க மேடம்," என்கிறாள் சிசிலியா. மங்கையர்க்கரசி காதில் அது விழவில்லை. முட்டை கொசுவாகப் பத்து நாளாவது எடுக்க வேண்டிய வளர்ச்சி இந்தச் சூட்டில் ஏழே நாளில் முடிகிறது. குப்பிக்குள் கூட்டுப்புழுவின் முதுகு பிளக்கிறது. கறுப்பாக ஒன்று, ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு, கழற்றிய சட்டையின் மேலேயே ஏறி நிற்கிறது. லென்ஸில் படிந்த மூச்சை அவசரமாகத் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள். முதுகில் வீணை போல வளைந்த வெள்ளைக் கோடு. போர்ட் பிளேயரைத் தாண்டி வராது என்று ஆபீசே சாதித்த டெங்குக் கொசு. வரும் என்று இரண்டு வருடமாக இவள் ஒருத்திதான் சொல்லிவந்தாள். "வந்துடுச்சுக்கா. நான் சொன்னேன்ல," என்று சிரிக்கிறாள். "நல்ல சேதியா மேடம்?" சிரிப்பு பாதியில் நிற்கிறது. காட்டுப் பக்கம் இடி உருள்கிறது. தெரு நெடுகக் கதவுகள் திறக்கின்றன. பக்கெட்டும் அண்டாவும் ஓட்டமாய் வாசலுக்கு வருகின்றன. சிசிலியா முகமெல்லாம் மலர, இன்னொரு ட்ரம்மை உருட்டிக்கொண்டு வருகிறாள்.